ஆறாம் அத்தியாயத்தின் ஒன்பது பெயர்கள்

ஆவணப்படம் எடுக்க வந்த பெண் என்னிடம் முதலில் கேட்டது ஒரு கொப்பியைத்தான். நீல அட்டை போட்ட தடித்த நோட்டு, சீ.ஆர். கொப்பி என்போம். எங்கள் தொழிற்சங்கக் காரியாலயத்தில் இருந்த கிளாக்கர் ஐயா தன் புத்தகத்தை அத்தியாயத்துக்கு ஒன்றாக எட்டுக் கொப்பிகளில் எழுதியிருந்தார். ஏழு கொப்பிகள் அவருடைய மகன் வீட்டு அலமாரியில் இருந்தன. ஆறாவது மட்டும் என்னிடம் இருந்தது. புத்தகம் வெளிவந்த பிறகு அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேமராவுக்கு முன்னால் அதை விரித்தபோது வலது பக்கத்தில் நீல மையிலும் இடது பக்கத்தில் சிவப்பு மையிலும் எழுத்துகள் நிறைந்திருந்தன. "அக்கா, ஒரே சம்பவத்த ஏன் இவரு ரெண்டு மாதிரி எழுதியிருக்காரு?" என்று அந்தப் பெண் கேட்டாள். பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. படத்தில் அதில் நாலு நிமிடம்தான் வருகிறது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இரத்தினபுரியில் நீதிமன்றத்துக்குப் போகும் வீதியில் இருக்கும் ஒரு சிறிய அச்சகத்தில் இருபத்துநாலு வருடமாக வேலை செய்கிறேன். முதலாளி சிங்களவர். கல்யாண அழைப்பிதழ், பௌத்தர்களின் தான வீட்டு அறிவித்தல், மாணிக்கக்கல் வியாபாரிகளின் பற்றுச்சீட்டுப் புத்தகம் என்று எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி சிங்கள வேலைதான். தமிழில் வருவது கோயில் திருவிழா நோட்டீசும் மரண அறிவித்தலும் தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரமும். அவற்றை அடிக்கவும் திருத்தவும் அங்கே தமிழ் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அடித்துக் கொடுப்பதை முதலாளி அப்படியே அச்சில் ஏற்றுவார். அவருக்கு அதில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளாக்கர் ஐயா அங்கே வந்தார். மெலிந்த மனிதர். முழுக்கை வெள்ளைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் துணிப்பை. எங்கள் மாவட்டத் தொழிற்சங்கக் காரியாலயத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்பதால் ஓய்வுக்குப் பிறகும் எல்லோருக்கும் அவர் கிளாக்கர் ஐயாதான். துணிப்பைக்குள் முதல் இரண்டு கொப்பிகள் இருந்தன. "தலைவரப் பத்தி ஒரு புத்தகம் எழுதுறேன் புள்ள. அவரு போயி மூணு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு பக்கம்கூட யாரும் எழுதல" என்றார்.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைவர் என்றால் அவர் ஒருவர்தான். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும், ஒழுகுகிற லயங்களுக்குத் தகரம் போட வைத்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பள்ளிக்கூடங்களைப் பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை கொண்டுவந்தவர். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதிருந்த ஆயிரம் பேரையாவது மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று எடுத்துக் கொடுத்தவர். சிங்களத்தில் பேசினால் அதிகாரிகள் எழுந்து நிற்பார்கள் என்பார்கள். ஓப்பநாயக்கப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் அவருடைய படம் மாட்டாத வீடு கிடையாது. எங்கள் வீட்டிலும் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவர் இருந்தார்.

அதனால் எனக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. கிளாக்கர் ஐயா ஒவ்வொரு செவ்வாயும் காலை பஸ்ஸில் வருவார். பால் போடாத பிளேன்டீ வாங்கிக் கொடுத்தால் அது ஆறும்வரை தொடமாட்டார். நான் அடித்த பக்கங்களை உதடு அசைய, மெதுவான குரலில், ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பார். 'ர'வுக்குப் பதில் 'ற' விழுந்திருந்தால் அந்த இடத்தில் குரல் நின்றுவிடும். சிவப்புப் பேனாவை எடுத்துச் சின்னதாக ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தொடர்வார். கொப்பியில் வலது பக்கம் மட்டுமே எழுதுவார். இடது பக்கம் வெறுமையாக இருக்கும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "திருத்துறதுக்கு இடம் விடாம எழுதக்கூடாது புள்ள. நம்ம ஞாபகத்த நம்ப முடியாது" என்றார். எழுதும்போது அடிக்கடி தனக்குள் சிரித்துக்கொள்வார். தலைவர் தோட்ட நிர்வாகியான ஒரு துரையிடம் பேசி மடக்கிய கதையையோ, லொறி கிடைக்காமல் பெல்மதுளையிலிருந்து இரவல் சைக்கிளில் கூட்டத்துக்குப் போன கதையையோ என்னிடம் ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கொப்பியைத் தருவார். முப்பத்தொரு வருடம் ஒருவருக்கு அருகில் உட்கார்ந்திருந்தவர் அவரை எப்படி நேசித்திருக்கிறார் என்பதை நான் எழுத்தெழுத்தாக அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது கொப்பி வந்தபோது மழைக்காலம். அதில் ஒரு வேலைநிறுத்தம் இருந்தது. வாசிக்கத் தொடங்கியதும் அது எங்கள் தோட்டம் என்று தெரிந்துவிட்டது. அப்போது எனக்கு ஏழு வயது. நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் எடையை நிர்வாகம் கூட்டியதால், சங்கத்தைக்கூடக் கேட்காமல் பெண்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு முன்னால் நின்ற ஒன்பது பேரின் பெயர்களைச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவிலிருந்து வெட்டினார்கள். ஆறு பெண்கள், மூன்று ஆண்கள். ஒன்பது குடும்பங்களும் லயத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சாமான் ஏற்றிய லொறிகள் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு லொறிக்குப் பின்னால் ஒரு நாய் பாலம் வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து, பூட்டிய வாசலில் பல நாள் படுத்துக் கிடந்தது. மற்றவர்களின் வேலை தப்பியது. அதற்குக் காரணம் தலைவர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கிளாக்கர் ஐயாவும் அப்படித்தான் எழுதியிருந்தார். அந்த ஒன்பது பேரும் சங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லை என்று தலைவர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதைத் தட்டச்சில் அடித்தது தான்தான் என்று ஐயா மறைக்காமல் எழுதியிருந்தார். ஆனால் பெயர்கள் அதற்கு முன்பே நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டன, கடிதம் கொடுக்காவிட்டால் தோட்டம் முழுவதையும் வெட்டியிருப்பார்கள், தலைவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது அவர் எழுதிய நியாயம். அடுத்த வரி இப்படித் தொடங்கியது: "பெயர்களை நிர்வாகத்துக்குக் காட்டிக்கொடுத்தவர் அத்தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த…" அதற்குப் பிறகு இருந்தது என் அப்பாவின் பெயர்.

கொப்பியை மூடிவைத்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு என்னைக் கணவர் பெயரோடுதான் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தோட்டம் என்று கிளாக்கர் ஐயா கேட்டதும் இல்லை. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பிறகு அத்தியாயம் முழுவதையும் அடித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். முன் வரியும் பின் வரியும் ஒட்டிக்கொண்டன. வாசித்தால் எதுவும் விட்டுப்போனது தெரியாது. என் வேலையில் தெரிந்து செய்த பிழை அது ஒன்றுதான்.

அடுத்த செவ்வாய் ஐயா வாசித்துக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் குரல் நின்றது. கொப்பியைப் புரட்டினார். திரும்பவும் பக்கத்தைப் பார்த்தார்.

"இங்க ஒரு வரி விட்டுப்போச்சே புள்ள."

"விட்டுப்போகலிங்க ஐயா. நான்தான் விட்டேன். அது எங்க அப்பா."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், அல்லது மன்னிப்புக் கேட்பார் என்று. இரண்டும் இல்லை. வெகுநேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடிதத்த அடிச்சவன்னு என் பேரையும் போட்டிருக்கேன். உங்க அப்பா பேர எடுத்தா என் பேரையும் எடுக்கணும். அப்புறம் அந்த ஒன்பது பேரு எப்படிப் போனாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். கொஞ்சம் கழித்து, "உங்க அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காருங்க. லயத்துலதான்."

"அப்ப அவருகிட்ட ஒரு வார்த்த கேளுங்க. கேக்காம எழுதினது என் தப்பு."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பலாக்கொட்டைகளைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தேன். கடைசியில் கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை அப்படியே வாசித்துவிட்டேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"இன்னொருக்கா வாசி பாப்பா" என்றார். வாசித்தேன்.

"காட்டிக்கொடுத்தவன்னா எழுதியிருக்காரு?"

"ஆமாங்கப்பா."

"தொரைக்கா?"

"ஆமா."

"தொரை பங்களா வாசப்படிய நான் மிதிச்சதே இல்லையே." கையிலிருந்த கொட்டையைச் சட்டியில் போட்டார். "நான் தலைவர்கிட்டதான் சொன்னேன்."

பிறகு அவர் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை. வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். மோட்டார் சைக்கிளை ரோட்டிலேயே விட்டுவிட்டு எங்கள் லயத்துக்கு நடந்து வந்து, எங்கள் வீட்டு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்திருக்கிறார். பேச்சுவார்த்தைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டும், முன்னால் நிற்பவர்கள் யார் யார் என்று தெரிந்தால்தானே கூப்பிட முடியும் என்று கேட்டிருக்கிறார். அப்பா ஒவ்வொரு பெயராகச் சொல்ல, தலைவர் சட்டைப் பையிலிருந்த சிவப்பு அட்டைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். "ஒம்பது பேரையும் சொன்னேன் பாப்பா. தலைவரு நம்ம வீடு தேடி வந்து கேக்குறாரேன்னு பெருமையாத்தான் சொன்னேன்" என்றார் அப்பா.

"பேர வெட்டினப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலயா?"

"தோணுச்சு. சங்க ஆபீசுல யாரோ வித்துட்டாங்கன்னு நெனச்சேன். டைப் அடிக்கிற பொடியன் ஒருத்தன் புதுசா வந்திருந்தான். அவன்தான்னு நெனச்சேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்லுறது? சொன்னா, பேரச் சொன்னது நான்தான்னு ஆயிடுமில்ல."

உள்ளே சுவரில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை அப்பா அன்புக்காக மட்டும் வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று லயமே கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே அது முப்பது வருடம் தொங்கியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு அச்சகத்துக்கு வந்தார். தாள் வெட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் கிளாக்கர் ஐயாவும் உட்கார்ந்தார்கள். முதலாளி எங்களைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீங்கதான் அந்த டைப் அடிச்சவரா?" என்றார் அப்பா.

"நான்தாங்க."

அப்பா ஞாயிற்றுக்கிழமை சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் திரும்பச் சொன்னார். கிளாக்கர் ஐயா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்டார். என்ன கிழமை? தலைவரோடு வேறு யாராவது வந்தார்களா? எழுதின கொப்பி எப்படி இருந்தது? சிவப்பு அட்டை, உள்ளங்கை அளவுக் கொப்பி என்று அப்பா சொன்னதும் ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திங்கக்கிழம காலையில அதப் பார்த்துத்தாங்க எனக்குப் பேரு பேராச் சொன்னாரு. தொரைகிட்ட ஏற்கனவே போயிருச்சு, ஸ்டோர்ல வேல செய்யுற ஒருத்தன் கொடுத்துட்டான்னு சொல்லித்தான் சொன்னாரு. நான் நம்பினேன். உங்கள ஒரு தடவகூடப் பார்க்காம, முப்பது வருஷமா உங்கமேல வெறுப்பா இருந்தேன்."

"நானும் உங்கமேல அப்படித்தாங்க இருந்தேன்" என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் துரோகி என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதரைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அதை உடைக்க வேண்டும் என்று இருவரில் யாரும் அங்கே வரவில்லை. பெரிய சத்தம் எதுவும் இல்லாமல், ஒரு கொப்பியின் நிறத்தைச் சொன்னதில் அது உடைந்துபோயிற்று. பெயர்கள் துரைக்குப் போனது தலைவரின் அந்தக் கடிதத்தில்தான். கிளாக்கர் ஐயாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தோன்றியது. எழுந்து போகும்போது ஐயா கேட்டார்: "உங்க பேரப் போடவா, வேணாமா?"

"போடுங்க. பேரில்லாம எழுதினா கட்டுக்கதைன்னு சொல்லுவாங்க. காட்டிக்கொடுத்தவன்னு மட்டும் போடாதீங்க."

அன்று ஐயா குடையை மறந்துவிட்டுப் போனார். அடுத்து ஐந்து செவ்வாய்கள் வரவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். ஆறு அத்தியாயங்கள் அடித்து முடிந்திருந்தன. ஆறாவதை எடுத்துவிட்டால் அருமையான ஒரு புகழ்மாலை, எல்லோரும் கை தட்டுவார்கள். அப்படிச் செய்துவிடுங்கள் என்று அவர் ஆள் அனுப்பியிருந்தால் நான் சந்தோஷமாகச் செய்திருப்பேன். உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு செய்தி வராதா என்று காத்திருந்தேன். ஆறாவது செவ்வாய் அவர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கொப்பியின் இடது பக்கங்கள் முழுவதும் சிவப்பு மையில் நிறைந்திருந்தன. ஒன்பது பெயர்களும் வரிசையாக, அவரவர் அப்பா பெயரோடு, இருந்தன. தலைவர் லயத்துக்கு வந்தது, எழுதிக்கொண்டது, திங்கட்கிழமை கடிதத்துக்குப் பெயர் சொன்னது எல்லாம் இருந்தன. கடைசியில் தன்னைப் பற்றி ஒரு வரி: "இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அடித்தேன்." மற்ற அத்தியாயங்களில் தலைவரைப் பற்றி எழுதியிருந்த நல்லதில் ஒரு சொல்லைக்கூட அவர் எடுக்கவில்லை. எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "அதுவும் நடந்ததுதானே" என்றார்.

புத்தகம் வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் வெளியீட்டுக்குப் பேசியிருந்த மண்டபம் இல்லை என்றாகிவிட்டது. ஒரு நாள் தலைவருடைய மகள் அச்சகத்துக்கு வந்தார். கூடவே சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர். அவருக்கு என் வயதுதான் இருக்கும். முதலாளியிடம் நல்ல சிங்களத்தில், இதை அச்சடித்தால் உங்களுக்குத்தான் பிரச்சினை என்று அவர்கள் சொன்னார்கள். முதலாளி என்னைப் பார்த்துத் திரும்பினார். "நங்கி, மேக்க எத்தத?" என்று கேட்டார். தங்கச்சி, இது உண்மையா என்று அவர் கேட்டதற்கு நான் "எத்த, முதலாளி" என்றேன். அவ்வளவுதான். பொய் என்றால் நீதிமன்றம் பக்கத்தில்தான் இருக்கிறது, எழுதியவர் உள்ளே இருக்கிறார், அவரோடு பேசுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு இயந்திரத்தின் பக்கம் போய்விட்டார். வாசிக்க முடியாத ஒரு புத்தகத்துக்காக, என் ஒரு சொல்லை நம்பி அவர் அப்படி நின்றது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கிளாக்கர் ஐயா அந்த அத்தியாயத்தின் பக்கங்களைத் தலைவரின் மகளிடம் கொடுத்தார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே வாசித்தார். ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க அப்பா இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு."

"நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நெனச்சேம்மா" என்றார் ஐயா.

மகள் வெளியே போனார். வாசலில் நின்றவர்களிடம், எல்லாம் பொய் என்று உரக்கச் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

வெளியீட்டு விழா அச்சகத்தின் புத்தகம் கட்டும் அறையில் நடந்தது. தாள் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டோம். நாற்பது பேர்கூட வரவில்லை. ஒன்பது பேரில் ஒருவரான ஓர் அம்மா மட்டும் வரக்காப்பொலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, இரண்டு பஸ் மாறி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவர்தான் அன்றைக்கு முதலில் மலையிலிருந்து இறங்கியவர். அப்பாவைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் போய் முன்னால் நின்றார்.

"அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணுங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா பரவாயில்லை என்று சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், விழா முடியும்வரை எழுந்திருக்கவில்லை. வடை வந்தபோது தட்டை அப்பா பக்கமாக நகர்த்தி வைத்தார். அன்று மாலை தோட்டத்துக்குத் திரும்பிய அப்பா சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அதே ஆணியில் மாட்டினார். ஏன் என்று கேட்டேன். "இப்ப பயந்துக்கிட்டு மாட்டல பாப்பா" என்றார். எனக்கு அது முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன்.

புத்தகத்துக்கு எதிராகத் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. அவற்றை அடிக்க எங்களிடம் வரவில்லை. தோட்டத்து வாசிகசாலைகளுக்கு ஐயா இலவசமாகக் கொடுத்த பிரதிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எங்கள் லயத்தில் சிலர் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். முன்பு பேசாதிருந்த இரண்டொருவர் பேசத் தொடங்கினார்கள். முப்பத்தொரு வருடம் மே தின மேடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து தீர்மானங்களைக் குறித்துக்கொண்ட கிளாக்கர் ஐயாவுக்கு அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் போனார். கூட்டத்தில் ஒருவராக, குடையைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பேச்சு முடியும்வரை நின்றார். நான் ஒரு முறை பார்த்தேன். கை தட்ட வேண்டிய இடத்தில் தட்டினார். புத்தகம் வந்து இரண்டு வருடத்தில் அப்பா போனார். செத்த வீட்டுக்கு வந்த ஐயா, மயானம் வரை நடந்தார். அவரும் போய் இப்போது நாலு வருடம் ஆகிறது.

படம் எடுத்த பெண் கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் யாரோ கொடுத்த பிரதியொன்றில் புத்தகத்தை வாசித்திருக்கிறாள். ஒரு வருடம் எங்கள் எல்லோரையும் தேடி அலைந்தாள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரத்தினபுரிப் பாடசாலை மண்டபமொன்றில் அதைத் திரையிட்டாள். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. முதலாளி, இப்போது தலை முழுவதும் நரைத்துவிட்டது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசித்துக்கொண்டே வந்தார். தான் அச்சடித்த புத்தகத்தில் என்ன இருந்தது என்பதை அன்றுதான் அவர் தன் கண்ணால் வாசித்தார். அப்பா பெயர் வந்த இடத்தில் என் கையை ஒரு தடவை தட்டிக் கொடுத்தார்.

படத்தின் கடைசிப் பகுதியில் தலைவரின் மகள் வந்தார். அவர் பேசச் சம்மதித்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. மண்டபத்தில் சிலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறுப்புச் சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் கேமராவைப் பார்க்காமல், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அப்பா கடைசிப் பத்து நாளும் ஆஸ்பத்திரியில இருந்தாரு. எங்க யாரையும் அடையாளம் தெரியல. ஆனா சில பேர மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. வரிசையா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா. முடிஞ்சதும் திரும்ப முதல்லருந்து. யாரோ பழைய ஆளுங்க, பார்க்க ஆசப்படுறாருன்னு நெனச்சோம். அம்மா சங்கத்து ஆளுங்ககிட்ட விசாரிச்சாங்க. யாருன்னு கண்டுபிடிக்க முடியல. மூணு வருஷம் கழிச்சு அச்சகத்துல நின்னுக்கிட்டு அந்தப் பக்கத்த வாசிச்சேன். அதே பேரு. அதே வரிசை. பொய்யுன்னு வெளியில வந்து சொன்னேன். சொல்லும்போதே உண்மைன்னு எனக்குத் தெரியும்."

அதோடு படம் முடிந்தது. நான் கிளாக்கர் ஐயாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியது சரிதானா என்ற சந்தேகம் அவரைக் கடைசிவரை விடவில்லை. என் அப்பாவின் ஒரு வாய்ச் சொல்லையும் தன் ஞாபகத்தையும் வைத்து, தான் நேசித்த ஒருவரின் பெயரைக் கெடுத்துவிட்டோமோ என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அதற்கான பதில் அவ்வளவு காலமும் இதே ஊரில் இன்னொருவரின் மனதுக்குள் இருந்திருக்கிறது.

வெளியே வந்தபோது தலைவரின் மகள் மண்டப வாசலில் தனியாக நின்றார். உள்ளே இருந்தாரா, இல்லை முடிந்த பிறகு வந்தாரா என்று தெரியவில்லை. என்னைக் கண்டதும் கிட்டே வந்தார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார், இன்னும் இருக்கிறது என்றேன்.

"கிளாக்கர் ஐயா இருக்கும்போதே இதச் சொல்லியிருக்கணும்" என்றார் பிறகு. "கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரா?"

யோசித்துப் பார்த்தேன். ஆறிப்போன பிளேன்டீயும் சிவப்புப் பேனாவுமாக அவர் உட்கார்ந்திருக்கும் விதம்தான் நினைவில் வந்தது.

"சந்தோஷப்பட்டிருக்க மாட்டாருங்க" என்றேன். "என்ன ஆஸ்பத்திரி, எத்தனையாவது வார்டு, பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டு, ரெண்டாம் பதிப்புல சேர்த்திருப்பாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"ரெண்டாம் பதிப்ப நீங்கதான அடிப்பீங்க?"

"நான்தாங்க."

"அப்ப எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு, வார்டு இலக்கத்தைச் சொன்னார்.